கலப்பை தூக்கவில்லையா? பம்பியைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

மீளக்குடியமர்ந்த பல குடும்பங்களிடம் இன்று இருப்பது பழைய உழவு இயந்திரமே. இடம்பெயர்ந்த காலத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றதைத் திருத்தி எடுத்திருப்பார்கள். அல்லது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்கியிருப்பார்கள். பற்றரி போட்டு, டீசல் குழாய்களைச் சுத்தம் செய்து, இயந்திரம் ஸ்ராட் ஆகிவிடும். ஆனால் கலப்பையைப் பூட்டி லீவரை உயர்த்தினால் கலப்பை நிலத்தை விட்டு எழாது. கலப்பை எழாத உழவு இயந்திரத்தை வயலுக்குக் கொண்டுபோகவும் முடியாது, வரம்போரத்தில் திருப்பவும் முடியாது.

அப்போது பெரும்பாலும் கேட்கும் சொல், “பம்பி போய்விட்டது” என்பதாகும். புதிய பம்பி விலை கூடியது. காலபோக விதைப்புக்கு முன் அந்தப் பணத்தைத் தேடுவதற்காக நகையை அடகு வைப்பவர்களும் உண்டு. பம்பியை மாற்றிய பின்னும் கலப்பை எழாமற் போனால், பணமும் போய் விதைப்புக் காலமும் போய்விடும். பம்பி கெட்டதுபோல் காட்டும் பழுதுகளில் பல, பம்பிக்கு வெளியே இருப்பவை. அவற்றை வரிசையாகச் சோதிப்பது எப்படி என்பதை இங்கு விளக்குகிறோம்.

இங்கு தரப்படும் விபரங்கள் மசி பெர்குசன் 35, 135 ஆகிய மாதிரிகளுக்கும் அதே அமைப்பில் வந்த 240 போன்றவற்றுக்கும் பொருந்தும். வேறு கம்பனி இயந்திரங்களில் பம்பி இருக்கும் இடமும் அமைப்பும் வேறுபடும். ஆயினும் ஒயில், தண்ணீர், பாரம், பாதுகாப்பு பற்றிக் கூறப்படுபவை அவற்றுக்கும் பொதுவானவை.

தொடுமுன் கவனிக்க

நீண்ட காலம் பற்றைக்குள் அல்லது ஆளில்லாத காணியில் நின்ற இயந்திரத்தை நேராகச் சென்று தொட வேண்டாம். அந்த இடத்தில் மிதிவெடி அகற்றப்பட்டு, மக்கள் செல்ல அனுமதி வழங்கப்பட்டுள்ளதா என்பதைக் கிராம அலுவலரிடம் முதலில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். உதிரிப் பாகம் கழற்றுவதற்காக அனுமதியற்ற பகுதிக்குள் செல்ல வேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். அனுமதிக்கப்பட்ட இடத்திலும், ஆசனத்தின் கீழ், ஆயுதப்பெட்டி, ரெயிலர்ப் பெட்டி, சக்கரங்களைச் சுற்றியுள்ள மண் ஆகியவற்றைத் தொடாமல் கண்ணால் பாருங்கள். சந்தேகத்துக்கிடமான பொருள் தெரிந்தால் வந்த வழியே திரும்பிச் சென்று, பொலிசாருக்கோ மிதிவெடி அகற்றும் பிரிவினருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

தூக்கும் அமைப்பு எவ்வாறு இயங்குகிறது?

ஆசனத்தின் கீழ் கனமான இரும்பு மூடி ஒன்று உள்ளது. அதன் அடிப்பக்கத்தில் தூக்கும் சிலிண்டர் இருக்கிறது. ஒயில் சிலிண்டருக்குள் தள்ளப்படும்போது பிஸ்டன் நகர்ந்து தூக்கும் கைகளை உயர்த்தும். இறக்குவதற்கு ஒயில் தேவையில்லை. சிலிண்டரில் உள்ள ஒயிலை வெளியே விட்டால் கலப்பையின் பாரமே அதைக் கீழே கொண்டுவரும்.

பம்பி அந்த மூடிக்குக் கீழே, பின்பெட்டிக்குள் ஒயிலில் மூழ்கியபடி இருக்கிறது. பி.ரி.ஓ. தண்டு பம்பியின் ஊடாகச் செல்கிறது. தண்டு சுழலும்போது பம்பியிலுள்ள நான்கு பிஸ்டன்களும் முன்னும் பின்னும் அசையும். பம்பியிலிருந்து சிலிண்டருக்கு ஒயிலைக் கொண்டு செல்வது, நிமிர்ந்து நிற்கும் சிறு குழாய். அதன் இரு முனைகளிலும் ஓ றிங்குகள் உண்டு.

இந்த அமைப்பில் கட்டுப்பாட்டு வால்வு பம்பியின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லீவரை உயர்த்தினால் வால்வு திறந்து பம்பிக்கு ஒயில் கிடைக்கும். நடுநிலையில் வால்வு மூடியிருக்கும். அப்போது பம்பி சுழன்றாலும் அதற்கு ஒயில் வராது, தூக்கியது தூக்கியபடி நிற்கும். லீவரை இறக்கினால் சிலிண்டரின் ஒயில் வெளியேறும். ஆகவே இந்த வால்வு துருப்பிடித்தோ பிசுக்குப் பிடித்தோ இறுகிவிட்டால், பம்பி புதியதாக இருந்தாலும் கலப்பை எழாது. நெடுங்காலம் ஓடாமல் நின்ற இயந்திரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதனையே.

கியர்களுக்கும் ஹைட்ரோலிக் அமைப்புக்கும் ஒரே ஒயில் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 135 மாதிரியில் ஏறக்குறைய 30 லீற்றர் கொள்ளும். அந்த ஒயிலில் தண்ணீர் கலந்தால் கியர், பெயாரிங், பம்பி எல்லாமே பாதிக்கப்படும்.

பணச் செலவில்லாத ஐந்து சோதனைகள்

1. ஒயில் மட்டம்: இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, தூக்கும் கைகளை இறக்கி, என்ஜினை நிறுத்தி, அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்தால் பம்பி காற்றை உறிஞ்சும், தூக்குதல் விட்டுவிட்டு நடக்கும். சமதரையில் தூக்கி, சரிவில் தூக்காமல் விட்டால் ஒயில் குறைவு என்றே முதலில் எண்ணுங்கள்.

2. ஒயிலின் நிறம்: அளவுக்கோலில் உள்ள ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இதற்குச் செய்ய வேண்டியது கீழே தனியாகத் தரப்பட்டுள்ளது.

3. லீவர்களும் வெளி வால்வும்: இரு லீவர்களும் தடையின்றி அசைகின்றனவா, ஊசிகள் கழன்றுள்ளனவா என்று பாருங்கள். ரெயிலரைக் கவிழ்ப்பதற்கு வெளிக்குழாய் பொருத்திய இயந்திரமாயின், அதற்குரிய வால்வு வெளிப்பக்கம் திருப்பப்பட்டிருந்தால் கைகள் எழாது.

4. பம்பி சுழல்கிறதா: கியரை நியூற்றலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, பி.ரி.ஓ. வை இணைத்து என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். எட்ட நின்று பின்புறத் தண்டு சுழல்கிறதா என்று பாருங்கள். பம்பியையும் இதே தண்டே இயக்குவதால், தண்டு சுழன்றால் பம்பிக்கும் ஓட்டம் கிடைக்கிறது. சுழலாவிட்டால், அல்லது தூக்கும்போது மட்டும் தண்டு நின்றுவிட்டால், பார்க்க வேண்டியது கிளச்சையும் தண்டின் பற்களையும் ஆகும். கிளச்சை முழுவதும் மிதித்தபடி தூக்க முயன்றால் பம்பி இயங்காது என்பதையும் ஓட்டுநருக்குச் சொல்லி வையுங்கள்.

5. பாரமின்றித் தூக்குதல்: கலப்பையைக் கழற்றிவிட்டுக் கைகளை மட்டும் உயர்த்திப் பாருங்கள். வெறுங்கை எழுந்து, கலப்பையுடன் எழாவிட்டால் அழுத்தம் போதவில்லை. வெறுங்கையும் எழாவிட்டால் கட்டுப்பாட்டு வால்வு, ஒயில், ஓட்டம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

பி.ரி.ஓ. தண்டின் அருகே சாரம் உடுத்தோ, தோளில் துவாய் போட்டோ நிற்க வேண்டாம். தண்டு துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்தே சுற்றும்.

குறியைக் கொண்டு காரணத்தை அறிதல்

காலையில் தூக்கி, ஒயில் சூடேறிய பின் தூக்காமல் விடுதல்: சூட்டில் ஒயில் இளகித் தேய்ந்த இடங்களால் கசிகிறது. பம்பியின் பிஸ்டன்கள், வால்வுகள், சிலிண்டர் றிங்குகள் ஆகியவற்றில் தேய்வு இருக்கலாம். பம்பியைக் கழற்றிப் பார்ப்பதற்கு நியாயமான காரணம் இதுவாகும்.

தூக்கிய கலப்பை விக்கல் எடுப்பதுபோல் மேலும் கீழும் ஆடுதல்: ஏதோ ஓரிடத்தில் ஒயில் கசிய, கலப்பை சிறிது இறங்க, பம்பி மீண்டும் தூக்குகிறது. இங்கு பம்பி வேலை செய்கிறது. கசிவையே தேட வேண்டும்.

என்ஜினை நிறுத்தியதும் கலப்பை சடுதியாக இறங்குதல்: நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில் கலப்பை மிக மெதுவாகவே இறங்கும். சில விநாடிகளில் தரையைத் தொட்டால் சிலிண்டர் றிங்குகள், நிமிர்ந்த குழாயின் ஓ றிங்குகள், கட்டுப்பாட்டு வால்வு ஆகியவற்றில் ஒன்றில் கசிவு உண்டு.

தூக்க முயலும்போது உள்ளே சீறும் சத்தம் கேட்டுக் கலப்பை எழாதிருத்தல்: அழுத்தம் கூடியதால் பாதுகாப்பு வால்வு திறக்கிறது. பாரம் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், தூக்கும் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது பாதுகாப்பு வால்வே பலவீனமடைந்திருக்கலாம்.

தூக்குவதில் குறையில்லை, உழும்போது மட்டும் ஆழம் மாறுதல்: மேல் இணைப்புக் கம்பி பூட்டப்படும் இடத்திலுள்ள பெரிய சுருள்வில்லைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதனைச் சரிசெய்ய வேண்டும். இதற்காகப் பம்பியைக் கழற்றத் தேவையில்லை.

ஒயிலில் தண்ணீர் கலந்திருந்தால்

வெளியில் நின்ற இயந்திரங்களில் மழைநீர் பெரும்பாலும் கியர் லீவரின் அடியிலுள்ள வெடித்த றப்பர் உறை வழியாகவே உள்ளே போகிறது. அதை மாற்றாமல் புதிய ஒயில் ஊற்றினால் அடுத்த மழையில் அதுவும் பழுதாகும். புதிய உறை கிடைக்கும்வரை, லீவரைச் சுற்றித் தடித்த பொலித்தீனை இறுகக் கட்டி வையுங்கள்.

இயந்திரத்தை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்தி, காலையில் அடியிலுள்ள வடிப்பு அடைப்பான்களை மெதுவாகத் தளர்த்துங்கள். அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். அடைப்பான்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும். கியர்பெட்டியின் கீழும் பின்பெட்டியின் கீழும் தேடி எல்லாவற்றையும் திறக்க வேண்டும். பால் நிறமான ஒயில் மீண்டும் நல்ல ஒயிலாகாது. அதனை முழுவதும் வடித்துவிடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, என்ஜின் நின்ற நிலையில், அடியில் படிந்த சேற்றை டீசலும் தூரிகையும் கொண்டு கழுவி எடுங்கள். பம்பிக்கு வலைவடி இருக்குமாயின் அதனையும் கழுவுங்கள். டீசலையோ மண்ணெண்ணெயையோ மட்டும் ஊற்றி என்ஜினை ஓடவிட வேண்டாம். அவற்றுக்கு வழுக்கும் தன்மை போதாது, பம்பி உராய்ந்து கெடும்.

புதிய ஒயில் வாங்கும்போது “கியர் ஒயில்” என்று மட்டும் கேட்க வேண்டாம். இயந்திரத்தின் மாதிரியைச் சொல்லி, உழவு இயந்திரத்தின் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவான ஒயிலைக் கேளுங்கள். 140 இலக்கத் தடித்த ஒயிலைப் பம்பியால் இலகுவாக உறிஞ்ச முடியாது. வடித்த பழைய ஒயிலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். கிணற்று நீரில் ஒயில் கலந்தால் அந்தக் கிணற்றைக் குடிப்பதற்குப் பாவிக்க முடியாது. கானில் அடைத்துக் கராச்சில் ஒப்படையுங்கள்.

பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தல்

ஓரளவு கைவேலை தெரிந்தவர் இந்தக் கட்டம்வரை செய்யலாம். முதலில் கலப்பையைத் தரையில் இறக்கி என்ஜினை நிறுத்துங்கள். ஒயில் சுத்தமாக இருந்தால், கழுவி உலர்த்திய கான்களில் வடித்து மூடி வையுங்கள். துணியால் வடித்து மீண்டும் பாவிக்கலாம்.

பின்பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் பம்பியும் வால்வை அசைக்கும் நெம்பும் தெரியும். மேலே ஒருவர் லீவரை அசைக்க, நெம்பும் வால்வும் சேர்ந்து அசைகின்றனவா என்று ரோச் லைற் அடித்துப் பாருங்கள். நெம்பு அசைந்து வால்வு நின்றால் வால்வு இறுகியுள்ளது. துருக்கரைக்கும் எண்ணெயை விட்டுச் சில மணி நேரம் பொறுத்து, கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம். வால்வில் கீறல் விழுந்தால் அது பிறகு ஒயிலைத் தாங்காது. இளகிய வால்வு தங்குதடையின்றி ஓட வேண்டும்.

கசிவைத் தேடுவதாயின், பம்பிக்கு ஒயில் கிடைக்கும் அளவுக்கு மட்டத்தை வைத்து, தகட்டைப் பூட்டி, கலப்பையைத் தூக்குங்கள். கலப்பையின் கீழ் பலமான மரக்குற்றிகளைச் சற்று இடைவெளி விட்டு அடுக்குங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, தகட்டைக் கவனமாகத் திறந்து ஒயில் எங்கிருந்து சொட்டுகிறது என்று வெளியில் நின்றே பாருங்கள். சிலிண்டரின் வாயிலிருந்து சொட்டினால் பிஸ்டன் றிங்குகள். நிமிர்ந்த குழாயின் அடியிலிருந்து வந்தால் ஓ றிங். பம்பியின் நடுவிலிருந்து வந்தால் கட்டுப்பாட்டு வால்வு. ஓ றிங்கில் கசியும் இயந்திரத்துக்குப் பம்பி வாங்குவது வீண் செலவு.

தகடு திறந்திருக்கும்போது என்ஜினை ஓடவிட வேண்டாம். தூக்கிய கலப்பையின் கீழ் கையையோ காலையோ நீட்ட வேண்டாம். அழுத்தத்துடன் சீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் கையையே இழக்க நேரிடலாம்.

பம்பியைக் கழற்ற வேண்டி வந்தால்

இது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. இருப்பினும் வேலையின் ஒழுங்கை உரிமையாளரும் அறிந்திருப்பது நல்லது. ஒயிலை வடித்த பின் முதலில் நிமிர்ந்த குழாயை மேலே இழுத்து எடுக்க வேண்டும். அதை மறந்து மேல் மூடியைத் தூக்கினால் குழாயும் பம்பியும் உடையும். மேல் மூடி கனமானது. மரக்கிளையில் கட்டிய பழைய கயிற்றை நம்பாமல், சங்கிலிக் கப்பி கொண்டு தூக்க வேண்டும். பின்பு பி.ரி.ஓ. தண்டைப் பின்பக்கம் இழுத்து, பம்பியைத் தாங்கும் பக்க ஊசிகளைக் கழற்றினால் பம்பியை மேல்வழியாக எடுக்கலாம்.

கழற்றிய பம்பியில் பிஸ்டன்களிலும் கட்டுப்பாட்டு வால்விலும் கீறல் உண்டா, சிறு வால்வுகள் தம் இருக்கையில் சரியாகப் பதிகின்றனவா, சுருள்விற்கள் முறிந்துள்ளனவா, ஓ றிங்குகள் காய்ந்து வெடித்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். உடல் நல்லதாக இருந்து ஓ றிங்குகளும் சிறு வால்வுகளும் மட்டும் கெட்டிருந்தால், திருத்தும் பாகத் தொகுதி ஒன்றே போதும். உடலிலும் பிஸ்டன்களிலும் ஆழமான கீறல் இருந்தால் மட்டுமே முழுப் பம்பியையும் மாற்றுவது பொருத்தம். மூடி திறந்திருக்கும் இந்த வேளையிலேயே சிலிண்டர் பிஸ்டன் றிங்குகளையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டாம் முறை திறக்க இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டும்.

பாகம் வாங்கும்போது

பழைய பாகத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இயந்திரத் தகட்டிலுள்ள மாதிரியையும் தொடர் இலக்கத்தையும் எழுதிச் செல்லுங்கள். வெளியில் ஒன்றுபோல் தெரியும் பம்பிகளில், தண்டு செல்லும் துவாரத்தில் 10 பற்கள் உள்ளவையும் 21 பற்கள் உள்ளவையும் இருக்கின்றன. எண்ணிப் பார்க்காமல் வாங்கினால் பொருந்தாது. ஓ றிங்குக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட வேண்டாம். சாதாரண றப்பர் ஒயிலில் ஊறிப் பருத்துப் பிய்ந்துபோகும், அதன் துண்டுகள் வால்வை அடைக்கும்.

கராச்சில் பேசும்போது

வேலை தொடங்குமுன் நீங்கள் செய்த சோதனைகளையும் கண்ட குறிகளையும் மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “பம்பியை மாற்ற வேண்டும்” என்று அவர் கூறினால், எதனைக் கண்டு அவ்வாறு முடிவு செய்தார் என்று மரியாதையுடன் கேளுங்கள். அழுத்தமானி பூட்டிப் பார்க்கும் வசதி உள்ள இடமாயின் பார்த்துவிடச் சொல்லுங்கள். பாகத்துக்கும் கூலிக்கும் ஒயிலுக்கும் தனித்தனியாகத் தொகையை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கூறுங்கள். இயந்திரம் பல குடும்பங்களுக்குப் பொதுவாயின், இந்த விபரங்களைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பின் வேலையைக் கொடுங்கள். பின்னர் மனக்கசப்பு வராது.

பூட்டிய பின்

ஒயில் ஊற்றி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பாரமின்றிப் பலமுறை தூக்கி இறக்குங்கள். காற்று வெளியேறிய பின் ஒயில் மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்புங்கள். அதன் பின்னரே கலப்பையைப் பூட்டுங்கள். தூக்கி, என்ஜினை நிறுத்தி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கொப்பியில் திகதியுடன் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தின் பின் மீண்டும் அதே சோதனையைச் செய்தால் பழுது வளர்கிறதா என்பது தெரியும்.

இந்தச் சோதனைகளை ஆவணி மாதத்திலேயே செய்து முடியுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பின் கராச்சுகளில் வரிசை நீளும், வேண்டிய பாகமும் உடனே கிடைக்காது. மேலதிக ஆலோசனை தேவைப்படுவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தையோ எமது களப் பணியாளர்களையோ நாடலாம். வரும்போது அளவுக்கோலில் கண்ட ஒயிலின் நிறத்தையும் மேலே கூறிய ஐந்து சோதனைகளின் முடிவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.